காதிரைச்சலும் வாகனம் ஓட்டுதலும்: இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன் துணை செய்யுமா?

எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வருவோர் அண்மைக் காலமாக ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். "இரைச்சலை நீக்கும் ஹெட்ஃபோன் கடைகளில் கிடைக்கிறதே, அதை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டினால் காதுக்குள் கேட்கும் சத்தம் அடங்குமா?" என்பதே அது. கேட்பவர்களில் வாடகைக் கார் ஓட்டுநர்கள் உண்டு. நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் நெடுந்தொலைவு சென்று வரும் விற்பனைப் பிரதிநிதிகள் உண்டு. ஓய்வு பெற்ற பின்னும் தம் காரைத் தாமே ஓட்ட விரும்பும் பெரியவர்களும் உண்டு. சிலர் எங்களைக் கேட்பதற்கு முன்பே, கணிசமான விலை கொடுத்து அதை வாங்கியும் விட்டார்கள். ஆகவே இந்த இதழில் இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை கூற எண்ணுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்கும்போது அக்கருவி வேண்டாம். பயணியாகச் செல்லும்போது அது நல்ல துணை. இவ்வாறு பிரித்துச் சொல்வதன் காரணம் விளங்க வேண்டுமானால், அந்தக் கருவி எந்த ஒலியை நீக்குகிறது, எதை நீக்குவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கருவி செய்யும் வேலை

ஒலி என்பது காற்றில் பரவும் அழுத்த அலை. இவ்வகை ஹெட்ஃபோனில் பொருத்தப்பட்டுள்ள சிறிய மைக் சுற்றுப்புற ஒலியை வாங்குகிறது. உள்ளிருக்கும் மின்னணுச் சுற்று அதற்கு நேர் எதிரான அலையை உடனுக்குடன் உருவாக்கிக் காதருகே ஒலிக்கச் செய்கிறது. ஓர் அலை மேடாக எழும் இடத்தில் மற்றது பள்ளமாக அமைவதால், இரண்டும் ஒன்றையொன்று தணித்துவிடுகின்றன. இக்கருத்து புதியதன்று. பால் லூக் என்னும் ஜெர்மானியர் 1936ஆம் ஆண்டிலேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வங்காளத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஒருவரின் மகனும் பொறியியல் பேராசிரியருமான அமர் போஸ், 1978இல் ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் திரும்புகையில் எஞ்சின் இரைச்சலால் இசையைக் கேட்க இயலாமல் சலிப்புற்று, அப்பயணத்திலேயே இதற்கான கணக்குகளைப் போடத் தொடங்கினார் என்பர். அவருடைய நிறுவனம் 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று கடைகளில் கிடைப்பவை எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

இந்தக் கருவி எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் தணிப்பதில்லை. தாழ்ந்த சுருதியில் இடைவிடாமல் ஒரே சீராக ஒலிப்பவற்றையே அது நன்றாகத் தணிக்கும். எஞ்சினின் உறுமல், சக்கரம் சாலையில் உருளும் ஓசை, விமானத்தின் முழக்கம், குளிரூட்டியின் ரீங்காரம் ஆகியவை இவ்வகை. ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூர்மையான ஒலிகளையும் திடீரென எழும் ஒலிகளையும் எதிரலையால் பிடிப்பது கடினம். அவற்றைக் காதின்மேல் அமரும் மெத்தைதான் ஓரளவு தடுக்கிறது.

இனிக் காதிரைச்சலுக்கு வருவோம். மருத்துவத்தில் டின்னிட்டஸ் எனப்படும் இந்த ஒலி, பெரும்பாலோருக்குக் காற்றிலிருந்து வருவதில்லை. உட்காதில் நத்தைக்கூடு போன்று சுருண்டிருக்கும் உறுப்பில் ஏறத்தாழ 15,000 உரோமச் செல்கள் உள்ளன. வெளியிலிருந்து வரும் அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுபவை அவையே. முதுமையாலோ, பேரிரைச்சலாலோ, சில மருந்துகளாலோ அவற்றுள் ஒரு பகுதி அழிந்துவிட்டால் மீண்டும் முளைப்பதில்லை. வழக்கமாக வரும் செய்தி குறைந்துபோனதை உணரும் மூளை, தன் பக்கத்தில் ஒலிப்பெருக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது என்றும், அப்பெருக்கத்தில் நரம்புகளின் இயல்பான சலசலப்பே ஒலியாகக் கேட்கிறது என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். ஒருவருக்கு அது சிள்வண்டின் ஒலி. மற்றொருவருக்குக் குக்கரின் சீழ்க்கை. இன்னொருவருக்குச் சங்கின் ஓங்காரம். எந்த வடிவில் கேட்டாலும் அது மைக்கால் வாங்க இயலாத ஒலி. வாங்க இயலாத ஒன்றுக்கு எதிரலை உருவாக்கவும் இயலாது. ஆகவே விளம்பரம் கூறும் 'இரைச்சல் நீக்கம்' என்பதில் உங்கள் காதிரைச்சல் அடங்காது.

சூழல் அமைதியாக ஆக, உள்ளொலி தூக்கலாகத் தெரியும் என்பதும் உண்டு. 1953ஆம் ஆண்டு ஹெல்லர், பெர்க்மன் என்னும் இருவர், காதில் எக்குறையும் இல்லாத 80 பேரை ஒலிபுகா அறையில் சில நிமிடங்கள் அமர வைத்து, என்ன கேட்கிறது என்று வினவினர். அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலியைக் கேட்டதாகக் கூறினர். காதிரைச்சல் உள்ளவருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பகலில் சந்தையில் நிற்கும்போது மறந்துபோகும் கொசுவின் ரீங்காரம், நள்ளிரவில் கொசுவலைக்குள் புகுந்தால் எப்படிக் கேட்கும் என்பது நம் எல்லோர்க்கும் தெரிந்ததுதானே!

வாகனத்தில் இது இன்னும் நுட்பமாக நிகழ்கிறது. சாலை ஒலியின் பெரும்பகுதி தாழ்ந்த சுருதியைச் சேர்ந்தது. பேரிரைச்சலால் செவி குன்றியவரின் காதிரைச்சலோ பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல், உயர்ந்த சுருதியில் இருக்கும். சாலை ஒலி அதை முழுமையாக மறைக்காவிட்டாலும், ஒரு திரைபோல் அதன் கூர்மையைக் குறைத்து வைத்திருக்கும். ஹெட்ஃபோன் முதலில் அகற்றுவது அந்தத் திரையைத்தான்.

அப்படியானால் சிலர் பயன் கண்டதாகக் கூறுவது பொய்யா? பொய்யன்று. எஞ்சின் முழக்கம் நெடுநேரம் செவியில் மோதினால் உடலும் மனமும் களைத்துப்போகும். களைப்பு கூடினால் காதிரைச்சலின் தொல்லையும் கூடும். முழக்கம் தணிந்தவுடன் அவர்களுக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. மேலும், சுற்றொலி குறைந்திருப்பதால் பாட்டை மெல்ல ஒலிக்கவிட்டே கேட்க முடிகிறது. அந்த மெல்லிய ஒலி காதிரைச்சலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இவையெல்லாம் உண்மையான நன்மைகள். விமானத்திலோ, இரயிலிலோ, பேருந்திலோ அமர்ந்திருப்பவர் இவற்றைத் தாராளமாகப் பெறலாம். நாங்களே பலருக்கு அவ்வாறு பரிந்துரைக்கிறோம். ஆனால் அப்போது வண்டியை ஓட்டுபவர் வேறொருவர்.

நாமக்கல்லிலிருந்து வந்த ஓட்டுநர்

நாமக்கல் பகுதியைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் தம் மகனோடு எங்களிடம் வந்தார். வயது ஐம்பதைக் கடந்தவர். வடமாநிலங்களுக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவர். மூன்றாண்டுகளாகக் காதில் சிள்ளென்ற ஒலி. அதிலும் வலக்காதில் கூடுதல். இரவு ஓட்டத்தில் அது தாங்க முடியாமல் போகவே, தொழிலையே விட்டுவிடலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தார். மகன் தன் முதல் மாதச் சம்பளத்தில் இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கித் தந்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு ஓட்டிய அனுபவத்தை அவர் இரண்டே வாக்கியங்களில் சொன்னார்: "வண்டிச் சத்தம் குறைந்துவிட்டது ஐயா. என் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது."

இரண்டாவது நாள், முந்திச் செல்ல முயன்ற பேருந்தின் ஹாரன் அவருக்கு மிகத் தாமதமாகவே கேட்டிருக்கிறது. பக்கத்தில் அமர்ந்திருந்த மகன், "அப்பா, வலது பக்கம்!" என்று தோளைத் தட்டியதால் ஒதுங்கினார். பரிசாக வந்த பொருளை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனமில்லை; மகனுக்கோ அதை மீண்டும் அப்பா காதில் பார்க்கத் துணிவில்லை. இருவரும் சேர்ந்து எங்களிடம் வந்ததன் காரணம் அதுதான்.

செவித்திறன் சோதனையில், 4,000 ஹெர்ட்ஸ் அளவில் அவருடைய கேட்கும் திறன் பள்ளம்போல் இறங்கியிருந்தது. வலக்காதில் பள்ளம் ஆழமாக இருந்தது. இரைச்சலால் ஏற்பட்ட பாதிப்பின் அடையாளம் அது. நம் நாட்டில் ஓட்டுநரின் வலக்காது சன்னலோரம் இருக்கிறது. சன்னலைத் திறந்து வைத்து, எஞ்சினின் வெப்பத்தையும் எதிர்க்காற்றையும் ஹாரன்களையும் பல ஆண்டுகள் வாங்கிய காது அது. ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இருந்ததால், வேறு காரணம் எதுவும் இல்லை என்று உறுதி செய்ய ஸ்கேனும் எடுத்தோம். அதில் குறை ஏதும் தென்படவில்லை.

அவருக்கு நாங்கள் செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. இரு காதுகளுக்கும் செவித்துணைக் கருவி பொருத்தி, வண்டிக்குள் பயன்படுத்துவதற்கெனத் தனி அமைப்பு ஒன்றைப் பதிந்து தந்தோம். இழந்த உயர்சுருதி ஒலிகள் ஓரளவு திரும்பக் கிடைத்தபோது, காதிரைச்சலின் மீது அவருடைய கவனம் குறைந்தது. சிள்ளொலி முற்றிலும் நின்றுவிடவில்லை. நிற்கும் என்று நாங்கள் வாக்களிக்கவும் இல்லை. இப்போது பகல் ஓட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார். ஹெட்ஃபோன், அவருடைய மனைவி சென்னைக்குப் பேருந்தில் வரும்போது பயன்படுகிறதாம்.

காது செய்யும் காவல்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. கண் முன்னோக்கிப் பார்க்கும். காதுதான் பின்புறத்தையும் பக்கங்களையும் காக்கிறது. ஆம்புலன்ஸின் ஒலி, சந்திலிருந்து வரும் ஆட்டோவின் ஹாரன், "நிறுத்துங்கள்" என்று கத்தும் நடைபயணியின் குரல் ஆகியவற்றோடு, நம் வண்டியே எழுப்பும் செய்திகளும் உண்டு. காற்று இறங்கிய டயரின் தடதடப்பும், தேய்ந்த பிரேக்கின் கிரீச்சொலியும் முதலில் காதுக்கே எட்டுகின்றன. டயரின் தடதடப்பு தாழ்ந்த சுருதியைச் சேர்ந்தது என்பதால், இரைச்சல் நீக்கும் கருவி அதைத்தான் முதலில் விழுங்கும்.

"விமானிகள் மாட்டிக்கொண்டுதானே ஓட்டுகிறார்கள்?" என்று படித்த இளைஞர் ஒருவர் எங்களிடம் வாதிட்டார். நல்ல கேள்விதான். விமானிக்குத் தேவையான எச்சரிக்கைகளும் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தின் குரலும் அந்த ஹெட்செட்டின் வழியாகவே வருகின்றன. அக்குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே எஞ்சின் இரைச்சல் நீக்கப்படுகிறது. வானத்தில் பின்னாலிருந்து யாரும் ஹாரன் அடிப்பதில்லை. சாலையில் செல்பவருக்கு வேண்டிய செய்திகள் யாவும் வெளிக்காற்றில்தான் வருகின்றன.

முற்றிலும் காது கேளாதோர் வாகனம் ஓட்டுகிறார்களே என்று கேட்பவர்களும் உண்டு. உண்மை. கேளாதோரும் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2011இல் தில்லி உயர் நீதிமன்றம் வழிவகுத்தது. அதை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் அவர்கள் வாழ்நாள் முழுதும் கண்ணால் உலகைக் காவல் காத்துப் பழகியவர்கள். கண்ணாடிகளை இடையறாது நோக்கும் வழக்கம் அவர்களுக்கு இயல்பாகவே இருக்கும். காதை நம்பியே இருபதாண்டுகள் ஓட்டியவர் ஒரு காலைப்பொழுதில் காதை மூடிக்கொண்டால், அந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வரும்?

புதிய ஹெட்ஃபோன்களில் வெளி ஒலியை மைக் வழியாக உள்ளே விடும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் போதாதா என்பர் சிலர். அடைப்பதைவிட அது மேல் என்பதில் ஐயமில்லை. எனினும் மைக் வாங்கித் தரும் ஒலியில் திசையுணர்வு மங்கக்கூடும். வழியில் மின்கலம் தீர்ந்தால் மெத்தை மட்டும் காதை அடைத்துக்கொண்டு நிற்கும். வண்டி ஓட்டும் நடுவில் விரல் பட்டு அமைப்பு மாறிவிடுவதும் உண்டு. இத்தனைக்கும் இடம் கொடுத்து அதை மாட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன என்பதே எங்கள் கேள்வி.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரான்சில் 2015 ஜூலை 1 முதல், ஒலி எழுப்பும் எந்தக் கருவியையும் காதில் அணிந்து வாகனம் ஓட்டக் கூடாது. மிதிவண்டிக்கும் இது பொருந்தும். செவித்துணைக் கருவிக்கு மட்டும் விலக்கு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இரு காதுகளையும் மூடும் ஹெட்ஃபோனுக்குத் தடை. நம் நாட்டில், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, வாகனம் ஓட்டுகையில் கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை அபாயகரமான ஓட்டுதல் என்கிறது. ஹெட்ஃபோன் கையில் இல்லையே என்று ஒருவர் வாதாடலாம். விபத்துக்குப் பின் அந்த வாதம் யாருக்கும் ஆறுதல் தராது.

ஓட்டுநர்கள் பலர் எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் மற்றொன்று உண்டு: காதிரைச்சல் என்று சொன்னால் உரிமம் போய்விடுமா? வணிக வாகன ஓட்டுநர்களுக்கு மருத்துவர் நிரப்பித் தரும் படிவம் 1-ஏ, வழக்கமான ஒலிச் சைகைகளைக் கேட்க முடியாத அளவுக்குச் செவிக்குறை இருக்கிறதா என்று கேட்கிறது. காதிரைச்சலைப் பற்றி அதில் கேள்வியே இல்லை. எனவே அந்த அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். மாறாக, அந்த வினாவுக்கு 'இல்லை' என்று நேர்மையாக விடை எழுதத்தக்க காதை, ஒரு ஹெட்ஃபோனால் நாமே அடைத்துக்கொள்வதுதான் விந்தை.

ஓட்டும்போது என்ன செய்யலாம்?

உள்ளொலியை எதிர்த்துப் போரிடுவதைவிட, அதன் பக்கத்தில் ஒரு மெல்லிய வெளி ஒலியை வைத்துக்கொள்வதே பயன் தருகிறது. வண்டியின் சொந்த ஒலிபெருக்கியே இதற்குப் போதும். மழையோசை, அருவியோசை, குழலோ வீணையோ, குரல் தாழ்ந்த வானொலி நிகழ்ச்சி என எது உங்களுக்கு இதமோ அது. அளவுதான் முக்கியம். காதிரைச்சல் முற்றிலும் மறையும் வரை ஒலியைக் கூட்டாதீர்கள். அது வெளி ஒலியோடு கலந்து சற்றே கேட்டுக்கொண்டிருக்கும் நிலையில் நிறுத்துங்கள். அந்நிலையில்தான் மூளை, 'இது பொருட்படுத்த வேண்டிய ஒலியன்று' என்று மெல்லப் பழகுகிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் இயல்பான குரலில் பேசுவது கேட்க வேண்டும் என்பது மற்றோர் அளவுகோல். புறப்படுவதற்கு முன்பே அமைத்துவிட்டு, ஓடும் வண்டியில் பொத்தான்களைத் தொடாதிருங்கள். மனத்தை முழுதும் ஈர்க்கும் கிரிக்கெட் வருணனையும் அரசியல் விவாதமும் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இதை ஏற்காத நண்பர்களும் எங்கள் பிரிவிலேயே உண்டு.

இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே குறைப்பது இன்னும் நல்லது. நெடுஞ்சாலையில் சன்னலை ஏற்றிவிடுவது எளிய முதல் வழி. கதவின் ரப்பர் பட்டை கிழிந்திருந்தாலும், சைலன்சரில் ஓட்டை விழுந்திருந்தாலும், டயர் சமமின்றித் தேய்ந்திருந்தாலும் உள்ளிரைச்சல் ஏறும். பழைய லாரிகளில் ஓட்டுநரின் அருகிலேயே இருக்கும் எஞ்சின் மூடிக்குத் தடித்த விரிப்பு போட்டாலே வேறுபாடு தெரியும் என்று ஓட்டுநர்கள் கூறுகிறார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களில் ஓட்டுநர் அறைக்குக் குளிரூட்டும் வசதி கட்டாயம் என்று மத்திய அரசு அறிவித்தது, வெப்பத்தை எண்ணித்தான். ஆனால் சன்னலை மூடி ஓட்ட முடிவதால் காதுக்கும் அது நன்மையே.

காதுக்கு எவ்வளவு இரைச்சல் தாங்கும்? அமெரிக்கத் தொழில் நலத்துறையின் பரிந்துரைப்படி 85 டெசிபெல் ஒலியில் ஒரு நாளில் 8 மணி நேரம்வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகிறது: 88 டெசிபெலில் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் ஒரே மணி. பயணம் முடிந்து இறங்கியபின் காதிரைச்சல் வழக்கத்தைவிட ஓங்கியிருந்தாலோ, காது பஞ்சு வைத்ததுபோல் மந்தமாக இருந்தாலோ, அன்று காது தாங்கத்தக்க அளவு கடந்துவிட்டது என்று பொருள். மறுநாள் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இருசக்கர வாகனம் ஓட்டுவோர் நிலை வேறு. தலைக்கவசத்தின் அடிப்புறம் வழியே புகும் காற்று, வேகம் கூடக் கூடப் பேரிரைச்சலாகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் அது 90 டெசிபெலைத் தாண்டிவிடும். கழுத்துப் பகுதி நன்கு பொருந்தும் முழுமுகக் கவசமும் வேகக் குறைப்புமே முதல் மருந்து. தலைக்கவசத்துக்குள் இயர்போன் செருகுவதை நாங்கள் அறவே ஏற்பதில்லை. நெடுந்தொலைவுப் பயணங்களுக்குக் காற்றின் ஓசையைத் தணித்து ஹாரனைக் கேட்கவிடும் காதடைப்பான்கள் உள்ளன. மேற்சொன்ன கலிஃபோர்னியச் சட்டமும்கூட, ஆம்புலன்ஸ் ஒலியையும் ஹாரனையும் தடுக்காத வகையில் அமைந்த காதடைப்பானுக்கு இடமளிக்கிறது. ஆனால் இதைச் செவித்திறன் சோதனை செய்துகொண்ட பின்னரே, உங்கள் காதின் நிலைக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்கெனவே கேட்கும் திறன் குன்றியவர் மேலும் அடைத்துக்கொள்வது சரியாகாது. நகரத் தெருக்களில் இது எவருக்கும் வேண்டியதில்லை.

செவித்துணைக் கருவி அணிவோரில் சிலர், சாலை இரைச்சல் பிடிக்கவில்லை என்று வண்டியில் ஏறியதும் அதைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றாதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள். இக்கருவிகள் பல, முன்னால் இருந்து வரும் பேச்சையே குறிவைத்துக் கேட்கும்படி அமைந்தவை. காரிலோ பேசுபவர் பக்கத்தில் அல்லது பின்னால் இருக்கிறார். எங்கள் செவித்திறன் வல்லுநர் இதற்கெனத் தனி அமைப்பைப் பதிந்து தருவார். கருவியைக் கொண்டுவந்தால் ஒரே வருகையில் முடியும் வேலை.

மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். காதிரைச்சலை முற்றிலும் குணமாக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. ஜின்கோ, துத்தநாகம் போன்றவற்றை இதற்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே 2014இல் வெளியான அமெரிக்க வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. செவிக்குறை இருப்பின் செவித்துணைக் கருவி, தொல்லை மிகுந்தால் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் உளவியல் பயிற்சி ஆகியவற்றை அவை ஆதரிக்கின்றன. இரவில் உறக்கத்துக்காக எடுக்கும் சில மாத்திரைகளின் மயக்கம் மறுநாள் காலைவரை நீடிக்கும். காதிரைச்சலை மறக்க மாத்திரை போட்டுக்கொண்டு விடியற்காலையில் வண்டி எடுப்பது, ஹெட்ஃபோனைவிடப் பெரிய ஆபத்து.

உடன் வாழ்வோருக்கு

"எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்று குடும்பத்தினர் சொல்வது இயல்பு. அந்த ஒரு வாக்கியம் நோயாளியை எவ்வளவு தனிமைப்படுத்துகிறது என்பதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் காதிரைச்சலை உணர்கிறார்கள் என்று 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது. அவர்கள் கற்பனை செய்யவில்லை.

அவருடன் காரில் செல்கையில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய உண்டு. ஒலியின் அளவைப் பார்த்துக்கொள்வதும், வழிகாட்டும் பொறுப்பை ஏற்பதும் உங்கள் வேலையாகட்டும். பின்னிருக்கையிலிருந்து ஒரே நேரத்தில் பலர் பேசினால், காதிரைச்சலோடு செவிக்குறையும் உள்ளவர் பேச்சைப் பிரித்தறிய அல்லாடிச் சாலையிலிருந்து கவனம் இழப்பார். முக்கியமானதைச் சொல்ல, வண்டி நிற்கும்வரை காத்திருக்கலாம். இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடப்பது அவருக்கு மட்டுமன்றி எல்லோர்க்கும் நல்லது.

சில அறிகுறிகள் தோன்றினால் வண்டியை எடுக்கவே கூடாது. திடீரென ஒரு காது கேட்காமல் போவது அவசர நிலை. காது அடைத்துக்கொண்டிருக்கிறது, தானே சரியாகும் என்று நாள் கடத்தாமல் உடனே வாருங்கள். சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நன்று. தலை கிறுகிறுத்துச் சுற்றுவதோடு காதிரைச்சல் வருமானால், அது கட்டுக்குள் வந்தது என்று மருத்துவர் கூறும்வரை ஓட்ட வேண்டாம். முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்தால் உடனடியாக மருத்துவமனைக்கு வர வேண்டும். நாடித் துடிப்போடு ஒத்து இரைச்சல் கேட்பதும், ஒரு காதில் மட்டும் தொடர்ந்து இரைவதும் விரைவில் பரிசோதிக்கப்பட வேண்டியவை. நாடியோடு ஒத்த இரைச்சல் சிலருக்கு இரத்தக் குழாயில் உண்மையாகவே எழும் ஒலியாக இருக்கக்கூடும்.

சோதனைக்கு வருவோர், தாம் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்து வாருங்கள். வலிநிவாரணிகளையும் காசநோய்க்கான பழைய ஊசிகளையும்கூட விடாமல் குறிப்பிடுங்கள். சோதனைக்கு முந்தைய நாள் பட்டாசு, ஒலிபெருக்கி, நீண்ட ஓட்டம் ஆகியவற்றைத் தவிர்த்தால் முடிவு சரியாக அமையும். ஹெட்ஃபோன் ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதையும் கொண்டு வரலாம். பேருந்துப் பயணத்துக்கும் உறங்கும் முன்பும் அதை எந்த அளவில், எந்த ஒலியோடு பயன்படுத்துவது என்பதை எங்கள் செவித்திறன் வல்லுநர் உடனிருந்து அமைத்துத் தருவார்.